தெற்கே போய்ப் பார்

அந்தக் காலத்தில் காற்றுக்கு வீடு இருந்தது, மரத்துக்கு வாய் இருந்தது, வாலாட்டிக் குருவிக்கு வால் ஆடாமல் இருந்தது. குளிர் இன்று போல் ஊர் ஊராக அலைந்ததில்லை. அவள் ஒரு பெண். கூதலி என்று பெயர். தேசத்தின் தலைமாட்டில் நிற்கிற வெள்ளை மலையின் உச்சியில், தானுண்டு தன் பிள்ளையுண்டு என்று இருந்தாள்.

தேசத்தின் கால்மாட்டில், நின்ற இடத்தில் திரும்பினால் மூன்று பக்கமும் கடல் தெரிகிற கடைசி மலையில், ஆவடை இருந்தாள். அவள் இருப்பது இவளுக்குத் தெரியாது, இவள் இருப்பது அவளுக்குத் தெரியாது. நடுவில் கிடந்த தேசம் அவ்வளவு பெரியது.

ஆவடைக்கு அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிள்ளை. பச்சை உடம்போடு குடிசைக்குள் பிள்ளையையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அழுதால் ஏன் அழுகிறது என்று பயம். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று பயம். அது தூங்கும்போதெல்லாம் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். வெதுவெதுவென்று ஒரு மூச்சு வந்து விரலில் படும். அப்பாடா என்று எடுப்பாள். எடுத்த கையோடு, இப்போது வந்ததுதான் கடைசி மூச்சோ என்று தோன்றும். மறுபடியும் வைப்பாள்.

“இப்படியே விரலை வச்சு வச்சுப் பாரு. பிள்ளைக்கு மூக்கே வளராமப் போகப்போகுது,” என்பான் மாசானம். அவள் புருஷன். பாறையில் தொங்கித் தேன் எடுப்பவன். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான்.

“உங்க மூக்கு மாதிரி வளர்றதுக்கு, வளராமலே இருக்கலாம்,” என்பாள் இவள், விரலை எடுக்காமல்.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தொப்புள் ஆறி, முழுநிலா பார்த்துத்தான் அந்த மலையில் பெயர் வைப்பார்கள். ஆனால் ஆவடை மனசுக்குள் ஒன்றைத் தேர்ந்துவிட்டாள். பிறந்ததும் பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அழவில்லை, கண் பனித்தது. விழப்போவது போல் திரண்டு, விழாமல் நடுங்குகிறதே ஈரம், அதைத்தான் அந்த மலைக்காரர்கள் பனிப்பது என்பார்கள். அந்தச் சொல்லிலிருந்து ஒரு பெயரைக் கிள்ளி எடுத்து, யாருக்கும் சொல்லாமல், மாசானத்துக்கும் சொல்லாமல், நாக்குக்கு அடியில் வைத்திருந்தாள். நல்லதை முந்திக்கொண்டு சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவள் எண்ணம்.

அந்த ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு பறவைகள் வந்தன. அதற்கு முன் அந்த மலையில் யாரும் பார்த்திராத நாரைகள், வாத்துகள், பெயர் தெரியாத உள்ளான்கள், கூட்டம் கூட்டமாக வடக்கேயிருந்து. இறங்கி உட்காரக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. கடலோரச் சதுப்பில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒரு வாலாட்டிக் குருவி மட்டும் ஆவடையின் கூரையில் விழுந்து, சறுக்கி, வாசலில் வந்து மல்லாந்து கிடந்தது.

மாசானம் அதை உள்ளங்கையில் எடுத்தான். “ஏலே, யாரு நீ? எந்த ஊரு?”

“வடக்கே. ரொம்ப வடக்கே,” என்றது குருவி. “கொஞ்சம் தண்ணி.”

சிரட்டையில் தண்ணீர் கொடுத்தான். குடித்தது. குடித்துவிட்டுக் குடிசைக்குள் எட்டிப் பார்த்தது. தொங்குகிற தூளியைக் கண்டதும் அதன் இறகெல்லாம் குத்திட்டு நின்றன.

“ஐயோ அக்கா, இங்கேயும் பிள்ளை இருக்கா?”

ஆவடை தூளிக்குக் குறுக்கே வந்து நின்றாள். “இருக்கு. ஏன், அதுக்கு என்ன?”

“கூதலி வர்றா.”

குருவி மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னது. கூதலிக்கு ஒரு பிள்ளை. வெள்ளை வெளேரென்று, பஞ்சு போல் ஒரு பையன். ஒரு நாள் அவள் கண்ணயர்ந்த நேரம் அவன் சரிவில் உருண்டு விளையாடிக்கொண்டே வெயிலுக்கு வந்துவிட்டான். வெயில் பட்ட இடமெல்லாம் கரைந்தது. கை கரைந்தது, கால் கரைந்தது. சிரித்துக்கொண்டே கரைந்து, தண்ணீராகி, ஓடையில் இறங்கித் தெற்கே பார்த்து ஓடிவிட்டான்.

“ஓடைக் கல்லு மேலதான் நான் உட்கார்ந்திருந்தேன் அக்கா. என் கண் முன்னாலதான் நடந்தது. அவ முழிச்சு வந்து, எம் பிள்ளையைப் பார்த்தியான்னு கேட்டா. என் கழுத்து எவ்வளவு தண்டின்னு பாருங்க. நீங்களே சொல்லுங்க, இந்தக் கழுத்தை வச்சுக்கிட்டு, உன் பிள்ளை கரைஞ்சு போச்சுன்னு சொல்ல முடியுமா? தெற்கே போறதைப் பார்த்தேன், தெற்கே போய்ப் பாருன்னு சொல்லிட்டேன். அது பொய்யும் இல்லையே!”

“நல்லாத்தான் இருக்கு, பொய்யில்லாத பொய்,” என்றான் மாசானம்.

“அவ மலையை விட்டு இறங்கிட்டா. கடுகு பூத்துக் கிடக்கிற ஊருக்குள்ள முதல்ல வந்தா. வீடு வீடா நுழைஞ்சு, தொட்டில்ல கிடக்கிற பிள்ளையைத் தூக்கி மோந்து பார்க்கிறா. கண்ணு அவளுக்கு அழுது அழுது மங்கிப் போச்சு. மூக்குதான் இப்போ எல்லாம். கெட்டவ இல்லை அக்கா. இது இல்லைன்னு தெரிஞ்சதும் பதமாத்தான் திரும்பக் கிடத்துறா. ஆனா அவ கைக்குப் போய் வந்த பிள்ளை அழுகையை நிறுத்திடுது.”

“நிறுத்திடுதுன்னா?”

குருவி அலகை இறகுக்குள் செருகிக்கொண்டது. ஆவடை தூளிக்குள் கையை விட்டாள். விரலில் மூச்சு பட்டது. எடுக்கவில்லை.

“யாராவது அவகிட்ட உண்மையைச் சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள்.

“யாரு சொல்லுவா? கடுகுக்காரங்க கும்பிட்டு விழுந்து, இங்கே இல்லை தாயே, தெற்கே போய்ப் பாருன்னாங்க. அக்கரை தெரியாத ஆறு ஒண்ணு இருக்கு, அந்த ஆத்தங்கரைக்காரங்களும் அதையேதான் சொன்னாங்க. கரிசல்ல பருத்தி போட்டவங்களும் அதேதான். தன் வாசலை விட்டு நகர்ந்தாப் போதும் அவங்கவங்களுக்கு. ஒவ்வொரு தடவை ‘தெற்கே’ன்னு கேட்கும்போதும் அவளுக்குக் கோபம் ஏறுது. மலையை விட்டு இறங்குறப்ப வெறும் குளிராத்தான் இறங்கினா. இப்போ புயலா வர்றா.”

“வரட்டுமே,” என்றான் மாசானம். “ஊரோடு ஒத்து வாழ். நாமளும் அதையே சொல்லிட்டாப் போச்சு. தாயே, இங்கே இல்லை, தெற்கே போய்ப்...”

பாதியில் நின்றுவிட்டான். தெற்கே திரும்பிப் பார்த்தான். ஆவடையும் பார்த்தாள். தெற்கே கடல். அதற்குத் தெற்கேயும் கடல்.



மூக்குதான் எல்லாம் என்று குருவி சொன்னதை ஆவடை பிடித்துக்கொண்டாள். குனிந்து பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்தாள். குடித்த பால் புளித்த வாசம், எண்ணெய் வாசம், அதற்கும் அடியில் வேறு எதிலும் இல்லாத ஒரு வாசம். குடிசை முழுக்க அதுதான் நிறைந்திருந்தது. இதை எதைக்கொண்டு மூடுவது?

“சாம்பிராணி!” என்றான் மாசானம் திடீரென்று. “போன கோடையில இடி விழுந்து சாம்பிராணி மரத்துல ஒரு கொப்பு எரிஞ்சுதே, நினைவிருக்கா? மலை முழுக்க அந்தப் புகைதான். தேனடை மூஞ்சிக்கு நேரா தொங்கினாலும் எனக்கு வாசனை தெரியலையே!”

குடிசைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் நின்றது அந்த மரம். நல்ல மரம்தான். ஆனால் மந்தம் என்றால் அப்படியொரு மந்தம். காலையில் கேட்டதற்குச் சாயங்காலம்தான் பதில் வரும். குரங்குகள் அதன் கொப்பில் தொங்கி ‘மட சாம்பிராணி! மட சாம்பிராணி!’ என்று கத்திவிட்டு ஓடும். அது திரும்பித் திட்ட வாயெடுப்பதற்குள் அந்தக் குரங்கு பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

மாசானம் உச்சிப் பொழுதில் போய் அதன் முன்னால் நின்றான். “சாம்பிராணி, உன் உடம்புக்குள்ள இருக்கிற பிசின் கொஞ்சம் வேணும். பிள்ளையைக் காப்பாத்தணும். நீயாத் தந்தாத்தான் உண்டு.”

மரம், “ம்...” என்றது. அவ்வளவுதான்.

ஆவடை கோரைப்புல்லை முறுக்கி முறுக்கிச் சுவர் இடுக்குகளில் திணித்தாள். கதவுக்குக் குறுக்கே போட உலக்கையை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு இடுக்கை அடைத்த பிறகும் தூளிக்கு ஓடினாள், விரலை வைத்தாள், அடுத்த இடுக்குக்கு வந்தாள். வடக்கு வானம் காயம் பட்ட இடம் போல் கருநீலமாகிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து மாசானத்தின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் கெஞ்சினான், பிறகு திட்டினான், பிறகு மறுபடி கெஞ்சினான். மரம் இலையைக்கூட அசைக்கவில்லை.

பொழுது சாயும் நேரம் மரம் பேசியது.

“பிள்ளை... எப்படி... இருக்கும்?”

ஆவடை தூளியிலிருந்து பிள்ளையை வாரியெடுத்து வாசலுக்கு ஓடி வந்து தூக்கிக் காட்டினாள். மரம் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. வடக்கிலிருந்து முதல் குளிர் வந்து ஆவடையின் முழங்காலைத் தொட்டது.

“என் காலடியில்... ஒரு கன்று... முளைத்தது,” என்றது மரம். “மான் வந்தது. ‘கடிக்காதே’... என்று... நான் சொல்லி முடித்தபோது... மான்... போயிருந்தது.”

சொல்லி முடிக்கவும் மரத்தின் பட்டை மேலிருந்து கீழாகப் பிளந்தது. பிளவெங்கும் பொன்னிறத்தில் கண்ணீர் கண்ணீராகப் பிசின் வடிந்து, குளிர் பட்டு இறுகி நின்றது. அந்த மரம் அழுது யாரும் பார்த்ததில்லை. மாசானம் தலைத்துண்டை அவிழ்த்து அள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அவன் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தி உலக்கையைக் குறுக்கே போடவும், காற்று வந்து கதவில் மோதவும் சரியாக இருந்தது.

மண்சட்டியில் கனல் இருந்தது. ஆவடை பிசினில் ஒரு துண்டு எடுத்துப் போட்டாள். புகை சுருண்டு எழுந்தது. பிள்ளையை அதற்கு மேலே மல்லாக்கப் பிடித்தாள், குப்புறப் பிடித்தாள், முடியைக் கோதிக் கோதிக் காட்டினாள், கை இடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் புகை போகும்படி விரித்துப் பிடித்தாள். பிள்ளை வாசம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது. கடைசியில் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துப் பார்த்தாள். மரம்தான் மணத்தது.

கூதலி உள்ளே வந்தாள். அடைத்த இடுக்குகளில் மெல்லிய விரல்களாக நுழைந்தாள். அடுப்பை முகர்ந்தாள், தண்ணீர்ப் பானையை முகர்ந்தாள், அது சிலீரென்று குளிர்ந்தது. மாசானத்தின் காதை முகர்ந்தாள். தூளிக்கு வந்து நின்றாள். ஆவடை பிள்ளையின் வாயைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள்.

“இங்கே ஒரு மரம் இருக்கிறது,” என்றாள் கூதலி, தனக்குத்தானே. வந்த வழியே விரல்கள் திரும்பின. கூரையின் நடுக்கம் நின்றது. காற்று தெற்கே, கடலைப் பார்த்து இறங்கிப் போகும் இரைச்சல் கேட்டது.

மாசானம் கண்ணை விரித்து, தலையை ஆட்டிச் சிரித்தான். குருவி உறியிலிருந்து எட்டிப் பார்த்தது. ஆவடையும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

“துணி,” என்றாள்.

“என்ன துணி?”

“பிள்ளைத் துணி. காலையில அலசிக் கொடியில போட்டேன். எடுக்கலை.”

சுவர் இடுக்கு, கதவு, கூரை, எல்லாம் பார்த்தவள் முற்றத்துக் கொடியை மறந்துவிட்டாள். எவ்வளவு அலசினாலும் பிள்ளைத் துணியில் பிள்ளை வாசம் போகாது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். கடல் பக்கம் போன இரைச்சல் நின்றது. திரும்பியது. முற்றத்தில் துணி ஒன்று படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு அந்தச் சத்தமும் நின்றது. யாரோ அதைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

“பிள்ளை இருக்கிறது,” என்றாள் கூதலி வெளியே. “இந்த வீட்டில் பிள்ளை இருக்கிறது. என்னிடம் மறைத்துவிட்டீர்கள்.”

அதன் பிறகு அந்தக் குடிசை பட்ட பாட்டைச் சொல்ல வாய் போதாது. மாசானம் கூரைக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு தொங்கினான். பாறையில் தொங்கிப் பழகிய உடம்பு, அதனால்தான் தாங்கியது. ஆவடை சட்டியில் துண்டு துண்டாகப் பிசின் போட்டுக்கொண்டே இருந்தாள். புகை இருக்கும்வரை கூதலியால் பிள்ளை எந்த மூலையில் என்று பிடிக்க முடியவில்லை. ஆனால் பிசின் முடிச்சு சிறுத்துக்கொண்டே வந்தது. கிழக்கே கோழி முதல் குரல் கொடுத்தபோது அவள் கையில் இருந்தது கடைசித் துண்டு.

“அடியே, கதவைத் திற. ஒரே ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன்.”

“இது உன் பிள்ளை இல்லை தாயி,” என்றாள் ஆவடை.

“எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். எங்கே என்று கேட்டால், தெற்கே போய்ப் பார் என்றார்கள். நான் தெற்கே போய்ப் பார்த்துவிட்டேன். அங்கே நிலமே இல்லை. இனி நீ எந்தத் திசையைக் காட்டுவாய்?”

ஆவடையிடம் திசை இல்லை. கயிறு அறுந்தது. கூரை ஒரு மூடியைத் திறப்பது போல் எழும்பிப் போயிற்று. மாசானம் தரையில் உருண்டான். புகையெல்லாம் ஒரே வீச்சில் வானத்துக்குப் போய்விட்டது. மேலே விடியாத வானம். வானம் முழுக்கக் கூதலி. அவள் கை இறங்கி வருவது ஆவடைக்குத் தெரிந்தது. பிள்ளையின் காதுமடல் சில்லிட்டது.

“உன் பிள்ளை பேரு என்ன?” என்று கத்தினாள் ஆவடை.

ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையோடு யார் எதிரில் வந்தாலும் அந்த மலையில் கேட்கிற முதல் கேள்வி அது. பழக்கத்தில் வந்துவிட்டது.

கை பாதியில் நின்றது.

“பேரா?”

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வந்திருக்குமே. எதுக்கு மோந்து மோந்து தேடுறே?”

காற்று அசையவில்லை. பேசியபோது கூதலியின் குரல் ஒரு சாதாரணப் பெண்ணின் குரலாக இருந்தது.

“வைக்கவில்லை. நாளைக்கு வைக்கலாம், நாளைக்கு வைக்கலாம் என்று இருந்துவிட்டேன். அந்த உயரத்தில் நாளைக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய தேசத்தில் இதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையடி. பேர் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.”

அப்படியே நின்றாள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டதில் மலை முழுவதும் அடங்கியது. ஒரு இலை ஆடவில்லை. வடக்கே பருத்திக் காட்டிலும் ஆற்றங்கரையிலும் கடுகுக் கொல்லையிலும்கூட அந்த நேரம் ஒன்றும் ஆடவில்லை என்று பிற்பாடு பறவைகள் சொல்லின. ஆவடை தன் விரல் பிள்ளையின் மூக்குக்குக் கீழே இருப்பதைப் பார்த்தாள். மேலே நிற்கிறவளும் வெறுமனே ஒரு விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. கிழக்கு மெல்ல வெளுத்தது.

“தாயி,” என்றாள் ஆவடை. “உன் பிள்ளை கரைஞ்சு போச்சு.”

“அக்கா, சொல்லாதீங்க!” என்று கீச்சிட்டது குருவி.

“ஏட்டி!” என்றான் மாசானம் தரையிலிருந்து.

“வெயில்ல கரைஞ்சு தண்ணியாப் போச்சு. பார்த்தவங்க பயத்துல சொல்லலை. தெற்கே தெற்கேன்னு எல்லாரும் உன்னைத் தள்ளி விட்டுட்டாங்க. நான் தள்ளி விட முடியாது, எனக்குத் தெற்கே இடமில்லை. அதனால சொல்றேன்.”

“கரைந்தால்?” என்றாள் கூதலி. அவளுக்கு அந்தச் சொல் புரியவில்லை. அவள் வீட்டில் எதுவும் கரைந்ததில்லை. “கரைந்தால் இப்போது எங்கே?”

கை மறுபடி இறங்க ஆரம்பித்தது. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. ஆவடை அதை முந்தானைக்குள், வெறும் மார்போடு ஒட்டிச் சேர்த்துக்கொண்டு, உலக்கையைத் தள்ளிக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். எங்கே காட்டுவது என்று தெரியாமல்தான் வந்தாள். ஓடையைக் காட்டுவதா? கடலைக் காட்டுவதா? எந்தத் தண்ணீரைக் காட்டி இதுதான் உன் பிள்ளை என்று சொல்வது?

முற்றத்துப் புல்லில் கால் வைத்தாள். பாதம் நனைந்தது.

குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு புல் நுனியிலும் ஒரு சொட்டு. காற்று அடங்கி நின்ற நேரத்தில் யாருக்கும் தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தத் தண்ணீர் அதற்கு முன்பும் மலைக்கு வந்ததுண்டு. ஆனால் வெயில் வந்தால் போய்விடுகிற ஒன்றுக்கு எதற்குப் பெயர் என்று யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. விழப்போவது போல் திரண்டு, விழாமல் நடுங்கியது சொட்டு. ஆவடைக்கு அதைத் தெரியும். பிறந்த அன்று தன் பிள்ளையின் கண்ணில் பார்த்திருக்கிறாள்.

நாக்குக்கு அடியில் இருந்த பெயர் நுனிக்கு வந்தது. அது அவள் பிள்ளைக்கு வைத்திருந்த பெயர். கொடுத்துவிட்டால் போனதுதான். முந்தானைக்குள் பிள்ளையின் கால் ஒரு தடவை உதைத்தது.

“பனி,” என்று கூப்பிட்டாள். “ஏ பனி! இங்கே பாரு, உங்க அம்மா வந்திருக்கா.”

கூதலி குனிந்தாள். வெள்ளை மலையிலிருந்து கடைசி மலை வரை நீண்டு கிடந்த அவ்வளவு பெரிய உடம்பையும் மடக்கி, ஒரு புல் நுனிக்கு முன்னால் குனிந்தாள். முகர்ந்தாள். தான் சொன்னது உண்மையா பொய்யா என்று அந்த நிமிஷம் ஆவடைக்கே தெரியாது.

“பனி?” என்றாள் கூதலி, மெல்ல, பயந்து பயந்து.

சொட்டு வெளுத்தது. ஒரு குழந்தை தூக்கத்தில் சிரிக்கிற நேரம்தான் இருக்கும். புல் நுனியில் வெள்ளை வெளேரென்று, பஞ்சு போல் ஒரு துளி நின்றது.

கூதலி அழுத அழுகையில் சத்தமே இல்லை. மலையெல்லாம் வெள்ளையாக மூட்டம் போட்டுக்கொண்டது. பக்கத்தில் நிற்கிற கணவனின் முகம்கூட ஆவடைக்குத் தெரியவில்லை.

பிறகு வெயில் வந்தது. சொட்டு மறுபடி தெளிந்து, சுருங்கி, இல்லாமல் போனது. கூதலி வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

“எங்கே? எங்கேயடி போனான்?”

“கத்தாதே தாயி. கரைஞ்சாப் போயிடும்னு யாரு சொன்னா? நாளைக்கு இதே நேரத்துக்கு வந்து, பேரைச் சொல்லிக் கூப்பிடு. வருவான். ஆனா மூச்சை அடக்கிக்கிட்டுக் கூப்பிடணும். நீ ஆடினா அவன் விழுந்துடுவான்.”

அப்போது முந்தானைக்குள் பிள்ளை தும்மியது. இரவெல்லாம் தின்ற புகை. சின்னத் தும்மல்தான், பூனைக்குட்டி தும்மினதுபோல். ஆவடை கல்லாக நின்றாள். கூதலி அவள் பக்கம் திரும்பினாள். நீட்டக் கை வந்தது. தன்னைத்தானே அடக்கிக்கொண்டு அந்தக் கையை இழுத்துக்கொண்டாள்.

“நூறு,” என்றாள் கூதலி.

பிள்ளை தும்மினால் எந்தத் தாயும் சொல்கிற அதே நூறு. சொல்லிவிட்டு, புல் ஆடாதபடி, மலையை விட்டு இறங்கிப் போனாள்.

மாசானம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். கூரை எங்கே போய் விழுந்தது என்று நாலா பக்கமும் பார்த்தான்.

“ஏ புள்ள, அது நல்ல பேரா இருந்ததே. நம்ம பிள்ளைக்கு வச்சிருந்தியா?”

ஆவடை ஆமென்று தலையை ஆட்டினாள்.

“சரி விடு. முழுநிலாவுக்கு இன்னும் நாளிருக்கு, வேற பார்த்துக்கலாம்.”

“இல்லைங்க,” என்றாள் ஆவடை. “இப்பவே வைக்கணும். நாளைக்குன்னு சொல்லாதீங்க.”

பிள்ளையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து இளவெயிலில் காட்டினாள். உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, கையைக் காலை நீட்டிச் சோம்பல் முறித்தது.

“வெயிலுகந்தாள்,” என்றாள். அதுதான் பெயர்.

விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

குருவிக்கு மட்டும் அன்று பிடித்த நடுக்கம் வாலில் தங்கிவிட்டது, இன்றுவரை நிற்கவில்லை. கூதலி தன் பிள்ளையைக் கண்டுகொண்டாலும், தாய் மூக்கு, வழியில் தப்பித்தவறி ஏதாவது ஒரு தூளிக்குள் குனிந்துவிடக் கூடாதே என்று, குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுகிறோம். பொழுது சாயுமுன்னே கொடியிலிருந்து பிள்ளைத் துணியை எடுத்துவிடுகிறோம். மார்கழி விடியலில் கதவிடுக்கில் ஒரு பெண் யாரையோ தாழ்ந்த குரலில் கூப்பிடுவது போல் கேட்டால், விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளலாம். அவள் கூப்பிடுவது நம் பிள்ளையை இல்லை.

அன்று முதல்தான், இவ்வளவு பெரிய தேசத்தைத் தாண்டிக் குளிர் வருஷந்தோறும் தெற்கே வருகிறது. வந்து, விடியுமுன் மூச்சடக்கி நிற்கிறது. வடக்கே மலை மேல் உறைந்து கிடப்பதற்கும் இங்கே புல் நுனியில் நடுங்கி நிற்பதற்கும் நம் வாயில் ஒரே பெயர், பனி.